டிராக்டர் இன்ஜின்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: மூன்று சிலிண்டர் டீசல் டிராக்டர் ஒன்றின் இன்ஜினை முழுமையாகப் பிரித்து வைத்திருக்கிறேன். இதற்கு முன்பும் ஒருமுறை யாரோ பிரித்துச் சேர்த்திருக்கிறார்கள். டிராக்டரின் மாடலைச் சொன்னால் இரண்டு மூன்று வகைப் பாகங்களைக் காட்டுகிறார்கள். என் இன்ஜினுக்கு உரியது எது என்று எப்படி உறுதி செய்வது?

பதில்: மாடல் பெயர் டிராக்டருக்கு உரியது, இன்ஜினுக்கு உரியது அன்று. ஒரே மாடலில் இடையிடையே இன்ஜின் மாற்றப்படுவதும், ஒரே இன்ஜின் டிராக்டரிலும் ஜெனரேட்டரிலும் பொருத்தப்படுவதும் வழக்கம். ஆகவே பிளாக்கில் (சிலிண்டர்கள் அமைந்த இன்ஜின் உடலில்) தட்டப்பட்டிருக்கும் இன்ஜின் எண்ணையே முதலில் தேடுங்கள். வார்ப்போடு சேர்ந்து மேடாக எழும்பி நிற்கும் எண்ணை அதுவென்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அது வார்ப்பு எண். ஒரே வார்ப்பைக் கடைந்து வெவ்வேறு இன்ஜின்களுக்கான பிளாக்குகளை உருவாக்குவது உண்டு என்பதால், பாகம் வாங்க அந்த எண் மட்டும் போதாது.

முன்பே பிரிக்கப்பட்ட இன்ஜின் என்பதால் எண் சரியாக இருந்தாலும் அளவு மாறியிருக்கலாம். பேரிங் ஷெல்லின் (கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் அரைவட்டத் தகட்டின்) முதுகைத் துடைத்துப் பாருங்கள். ‘STD’ (ஸ்டாண்டர்டு) என்ற எழுத்துகள் இருந்தால் மூல அளவு, 0.25 அல்லது 0.50 என்றிருந்தால் கிராங்க் ஷாஃப்ட் அத்தனை மில்லிமீட்டர் விட்டம் குறைய கிரைண்டிங் செய்யப்பட்டிருக்கிறது. அங்குலக் கணக்கில் 010 என்றிருப்பது 0.254 மி.மீ. ஜர்னல் என்பது ஷாஃப்டில் பேரிங் பிடிக்கும் உருண்டைப் பகுதி; மெயின் ஜர்னல் ஓர் அளவிலும் கனெக்டிங் ராட் ஜர்னல் வேறோர் அளவிலும் இருக்கக்கூடும். இருந்தாலும் ஷெல்லில் உள்ளதை அப்படியே நம்பி வாங்காமல், ஒவ்வொரு ஜர்னலையும் மைக்ரோமீட்டரால் இரண்டு இடங்களில், குறுக்கும் நெடுக்குமாக அளந்து, தேய்மானத்தையும் நீள்வட்டத்தையும் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். மெயின் பேரிங் கேப்புகளை (பேரிங்கை இறுக்கிப் பிடிக்கும் மூடிகளை) ஒன்றுக்கொன்று மாற்றிவிட வேண்டாம்; அவை பிளாக்கோடு சேர்த்தே துளை கடையப்பட்டவை.

கேள்வி: லைனரின் (பிஸ்டன் ஓடும் உருளைக் குழாயின்) அடிப்பகுதியில் இருந்த ஓ-ரிங்குகள் தட்டையாகிவிட்டன, நிறமும் ஒன்றுபோல் இல்லை. பழையதை வெர்னியரால் அளந்து வாங்கிய ரிங் சரியாக உட்காரவில்லை. சற்றுத் தடிமனானதைப் போட்டால் கசிவு நிற்குமா?

பதில்: நிற்காது என்பதோடு புதிய கேடும் வரும். சூட்டிலும் அழுத்தத்திலும் பல காலம் கிடந்த ரிங் தன் வடிவத்தை இழந்திருக்கும். அதை அளப்பதால் பயனில்லை. லைனரின் காடியையும் (ரிங் உட்காரும் பள்ளத்தையும்), அந்த ரிங் முட்டிக்கொள்ளும் பிளாக்கின் உள்துளையையும் அளக்க வேண்டும். காடியின் அடிக்கும் துளையின் சுவருக்கும் இடையே உள்ள இடைவெளியைவிட ரிங்கின் தடிமன் ஓரளவே கூடுதலாக இருக்க வேண்டும். நசுங்கும் ரப்பர் பக்கவாட்டில் விரியக் காடியில் இடமும் வேண்டும், ஏனெனில் ரப்பர் வடிவம் மாறுமே தவிர அதன் கன அளவு சுருங்காது. இடமில்லாமல் திணிக்கப்பட்ட தடித்த ரிங், லைனரின் சுவரை உள்நோக்கித் தள்ளி, அந்த இடத்தில் துளையைக் குறுக்கிவிடும். பிஸ்டன் அங்கே உரசி இறுகும். சந்தேகம் இருந்தால் ரிங் போடுவதற்கு முன்னும் பின்னும் போர் கேஜால் (துளையின் விட்டத்தை அளக்கும் கருவியால்) அதே மட்டத்தில் அளந்து பாருங்கள்.

நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது; அது தயாரிப்பாளரின் விருப்பம். பார்க்க வேண்டியது ரப்பரின் வகை. இபிடிஎம் ரப்பர் நீருக்கு நன்றாகத் தாங்கும், ஆனால் மினரல் ஆயிலில் ஊறினால் உப்பிவிடும். நைட்ரைல் ஆயிலுக்கு ஏற்றது. வைட்டன் அதைவிடக் கூடிய சூட்டையும் தாங்கும். எந்தக் காடியில் எந்த ரிங் என்று செட்டோடு வரும் குறிப்பு சொன்னால் அதை மாற்ற வேண்டாம். ரிங்கை எதைத் தடவி இறக்குவது என்பதும் இதைப் பொறுத்ததே. வகை தெரியாதபோது ஆயிலைவிடச் சோப்புத் தண்ணீர் பாதுகாப்பானது.

சில பிளாக்குகளில் இரண்டு ரிங்குகளுக்கு நடுவிலிருந்து வெளியே ஒரு சிறு துளை வரும். அதில் நீர் வந்தால் மேல் ரிங்கில் கோளாறு, ஆயில் வந்தால் கீழ் ரிங்கில் கோளாறு. இதைப் பெயின்டாலோ சீலன்டாலோ அடைப்பவர்களை என்ன சொல்வது! அடைத்துவிட்டால் கசியும் நீருக்குச் சம்ப்பே (அடியிலுள்ள ஆயில் தொட்டியே) வழியாகிறது, ஆயில் வெளுத்துப் பால்போல் ஆன பிறகுதான் விஷயம் தெரியவரும். ரிங் உட்காரும் இடத்தில் பிளாக் அரித்துக் குழிவிழுந்திருந்தால் எந்த ரிங்கும் காப்பாற்றாது. அதைச் சரிசெய்த பிறகே லைனரை இறக்க வேண்டும். கடைசியாக, ரிங் இல்லாமல் லைனரை உட்காரவைத்து, அதன் விளிம்பு பிளாக்கின் மேற்பரப்பைவிட எவ்வளவு உயர்ந்து நிற்கிறது என்று டயல் கேஜால் பாருங்கள். அது ஒரு மில்லிமீட்டரின் நூறில் சில பங்கு என்ற அளவிலான கணக்கு. ஹெட் கேஸ்கெட் பிடிப்பது இதை நம்பித்தான்.

கேள்வி: ஃபிளைவீல் பக்கத்து ஆயில் சீலைப் புதிதாக மாற்றியும் உடனே கசிகிறது. சீல் போலியா?

பதில்: இருக்கலாம், ஆனால் முதலில் ஷாஃப்டைப் பாருங்கள். பழைய சீலின் லிப் (ஷாஃப்டைத் தொடும் விளிம்பு) உரசிய இடத்தில் நகம் தடுக்கும்படி கோடு விழுந்திருந்தால் புதிய லிப்பும் அதே பள்ளத்தில்தான் ஓடும். இடம் இருந்தால் சீலை ஓரிரு மில்லிமீட்டர் தள்ளிப் பொருத்தலாம். இல்லாவிட்டால் மெல்லிய ஸ்லீவ் ஏற்ற வேண்டும். சீலில் 35×52×7 என்பதுபோல் இருக்கும் மூன்று எண்களும் முறையே ஷாஃப்டின் விட்டம், சீல் அமரும் துளையின் விட்டம், அகலம். அளவு பொருந்தினாலும், லிப்பில் ஒருபக்கச் சுழற்சிக்கான சாய்வு வரிகள் இருந்தால் அம்புக்குறி இன்ஜின் சுற்றும் திசையோடு ஒத்திருக்க வேண்டும். ஸ்பிரிங் தெரியும் பக்கம் ஆயிலை நோக்கி இருக்க வேண்டும். ரப்பர் லிப்புக்கு ஆயில் தடவிப் பொருத்துவார்கள். டெஃப்லான் லிப் உள்ள சீலை உலர்ந்த நிலையிலேயே ஏற்ற வேண்டும். இத்தனையும் சரியென்றால் பிரீதர் குழாய் (இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் குழாய்) அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே அழுத்தம் கூடினால் நல்ல சீலும் கசியும்.

கேள்வி: இன்ஜெக்டருக்கு அடியில் உள்ள செம்பு வாஷரைச் சூடாக்கி மறுபடியும் போடலாமா?

பதில்: சூடாக்கினால் செம்பு மென்மையாகும், ஆனால் நசுங்கிக் குறைந்த தடிமன் திரும்பாது. நாசில் (டீசலைத் தெளிக்கும் முனை) எவ்வளவு வெளியே நீட்டி நிற்கிறது என்பதை அந்தத் தடிமனே தீர்மானிப்பதால், குறித்த அளவில் புதியதையே போடுங்கள். பழையது குழிக்குள் ஒட்டிக்கொண்டு தங்கிவிடுவது உண்டு. டார்ச் அடித்துப் பார்த்து, எடுத்துவிட்ட பிறகே புதியதை இறக்குங்கள்.