மெஷின் மேல் பழி போடாதீர்கள்: ஸ்க்ரோல் சா கேள்வி-பதில்

ஸ்க்ரோல் சா என்பது மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடி, பலகையில் நுணுக்கமான வளைவுகளை வெட்டும் மேசை ரம்பம். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பிளேடு பற்றியவை. அதனால் பதிலுக்கு முன் ஒரு வேண்டுகோள். என்ன மரம், எவ்வளவு கனம், பிளேடு எண் என்ன (எண் கூடினால் பிளேடு பெரியது), இந்த மூன்றையும் எழுதி அனுப்புங்கள். "வெட்டு சரியா வரலை சார், என்ன பண்ணலாம்?" என்று ஒரே வரியில் எழுதினால் என்னால் ஊகிக்கத்தான் முடியும். ஊகத்தை நம்பி நீங்கள் பலகையை வீணாக்க வேண்டாம்.

புது மெஷின் வாங்கி ஒரு மாதம்தான் ஆகிறது. பிளேடு பட்பட்டென்று அறுந்துபோகிறது. மெஷினில் கோளாறா? (ஈரோடு)

மரமும் கனமும் நீங்களும் எழுதவில்லை. இருந்தாலும் மெஷின் மேல் பழி போடும் முன் மூன்றைப் பாருங்கள். முதலில் டென்ஷன், அதாவது பிளேடின் இறுக்கம். பிளேடை விரலால் சுண்டினால் வீணைத் தந்தி மாதிரி கணீரென்று கேட்க வேண்டும். தொப்பென்று கேட்டால் தளர்வாக இருக்கிறது. அடுத்தது உங்கள் கை. பலகையைத் தள்ளாதீர்கள். பிளேடு தன் வேகத்தில் தின்னட்டும், நீங்கள் திசை காட்டினால் போதும். வெட்டும்போது பிளேடு பின்பக்கமாக வளைவது கண்ணுக்குத் தெரிந்தால் அதிகம் தள்ளுகிறீர்கள். மூன்றாவது, எங்கே அறுகிறது என்பது. பிளேடு முனையைப் பிடிக்கும் கிளாம்புக்குப் பக்கத்திலேயே அறுந்தால் பிளேடு கோணலாகப் பிடிபட்டிருக்கிறது, அவிழ்த்து நேராக மாட்டுங்கள். நடுவில் அறுந்தால் தள்ளல்தான்.

இன்னொன்று. அரை மணி நேரம் கடின மரத்தில் ஓடிய பிறகு அறுந்தால் அதைக் குறையாகவே நினைக்காதீர்கள். பிளேடு தேய்கிற பொருள். டஜன் கணக்கில் வாங்கி வையுங்கள். மெஷினோடு பெட்டியில் வந்த பிளேடுகளை வைத்து மெஷினையும் எடை போடாதீர்கள், உங்களையும் எடை போடாதீர்கள்.

பட்ஜெட் 20 ஆயிரம். எதைப் பார்த்து வாங்குவது? (திருச்சி)

பிராண்டை விட முதலில் பார்க்க வேண்டியது, முனைகளில் குறுக்கே குத்திய பின் (pin) இல்லாத சாதா பிளேடு மாட்ட முடிகிறதா என்பது. பின் வைத்த பிளேடு மட்டும் ஏறும் மெஷினில் உள் வெட்டு வேலைக்கு, அதாவது பலகையின் நடுவில் பிளேடைக் கோத்து வெட்டுவதற்கு, ஐந்தாறு மில்லிமீட்டர் துளை போட வேண்டும். சாதா பிளேடுக்கு ஒரு மில்லிமீட்டர் துளை போதும். நுணுக்கமான டிசைனில் இந்த வித்தியாசம் எல்லாவற்றையும் மாற்றிவிடும். இரண்டும் ஏறும் மெஷின்கள் உங்கள் பட்ஜெட்டிலேயே கிடைக்கும். அடுத்து, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி இருக்கட்டும், நிமிடத்துக்கு 400-லிருந்து 1,600 வெட்டு வரை. வாய் அகலம், அதாவது பிளேடிலிருந்து மெஷினின் பின்பக்கம் வரை உள்ள இடைவெளி, 16 அங்குலம் இருந்தால் வீட்டு வேலைக்குத் தாராளம். வாங்கியதும் கனமான மேசையில் போல்ட் போட்டு இறுக்குங்கள். அதிர்வு பற்றி வரும் புகார்களில் பெரும்பாலானவை அதோடு தீர்ந்துவிடும்.

கோட்டின் மேலேயே வைத்து நேராகத் தள்ளினாலும் வெட்டு ஒரு பக்கமாகவே ஓடுகிறது. (நாகர்கோவில்)

பிளேடு செய்யும்போது பல் வெட்டுகிறார்கள். அதில் பெரும்பாலும் ஒரு பக்கம் மெல்லிய பிசிறு நின்றுவிடும். அந்தப் பக்கம் கூராக இருப்பதால் வெட்டு அங்கே இழுக்கும். ஸ்க்ரோல் சா வைத்திருக்கும் பெரும்பாலோருக்கு இது நடக்கிறது. ஒரு வேஸ்ட் துண்டில் நேர்கோடு போட்டு வெட்டி, எந்தக் கோணத்தில் திருப்பிப் பிடித்தால் கோட்டோடு போகிறது என்று பாருங்கள். அந்தக் கோணத்திலேயே வேலை செய்யுங்கள். டென்ஷனையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

ஜிக் சா இருக்கும்போது ஸ்க்ரோல் சா எதற்கு? (கரூர்)

ஜன்னல் அளவு ஓட்டைக்குக் கையில் பிடித்து ஓட்டும் ஜிக் சா. கோலப்புள்ளி அளவு ஓட்டைக்கு ஸ்க்ரோல் சா.

முக்கால் அங்குலத் தேக்கில் வெட்டினால் ஓரம் கருகுகிறது. 3-ம் எண் பிளேடு போட்டிருக்கிறேன். (தஞ்சாவூர்)

மூன்றையும் ஒழுங்காக எழுதி அனுப்பியதற்கு நன்றி. 3-ம் எண் அந்தக் கனத்துக்குச் சின்னது. 5 அல்லது 7 போடுங்கள். கீழ்ப்பக்கம் சிராய் வராமலிருக்க, கடைசிப் பற்கள் மேல்நோக்கி இருக்கும் ரிவர்ஸ் வகையாகப் பார்த்து வாங்குங்கள். தேக்கில் சிலிக்கா இருக்கிறது. மற்ற மரங்களைவிடச் சீக்கிரம் பிளேடை மழுக்கும், மழுங்கிய பிளேடுதான் கருக்கும். டிசைன் தாளுக்கு மேல் பார்சல் ஒட்டும் பழுப்பு டேப்பை ஒரு வரிசை ஒட்டிவிட்டு வெட்டிப் பாருங்கள். கருகல் பளிச்சென்று குறையும். வேகத்தைக் கொஞ்சம் இறக்குங்கள், தள்ளாதீர்கள்.

தமிழில் பெயர்ப் பலகை வெட்டப் பார்த்தேன். புள்ளிகள் தனியாக விழுந்துவிடுகின்றன. ஆங்கிலத்தில் இந்தப் பிரச்சினை இல்லையே? (புதுச்சேரி)

ஆங்கிலச் சின்ன எழுத்திலும் ஐ, ஜே இரண்டுக்கும் இதே பிரச்சினை உண்டு. நமக்கு எழுத்துக்கு எழுத்து வருகிறது, அவ்வளவுதான். "செந்தில்" என்று வெட்டினால் இரண்டு புள்ளிகள் அந்தரத்தில் நிற்கின்றன. போதாததற்குக் கொம்பும் காலும் எழுத்தை ஒட்டாமல் தனியாக நிற்கும்.

இரண்டு வழி இருக்கிறது. எழுத்துகளைத் தனித்தனியாக வெட்டி இன்னொரு பலகையின் மேல் ஒட்டுவது ஒன்று. அப்படியென்றால் வெட்டும் முன் டிசைனை இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றை வெட்டுங்கள், இன்னொன்றை அடிப்பலகையில் வைத்துப் புள்ளி எங்கே உட்காருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கண்ணளவில் ஒட்டினால் புள்ளிகள் ஏறியும் இறங்கியும் நின்று மொத்தப் பலகையும் கோணலாகத் தெரியும். புள்ளியை வெட்டிக்கொண்டிருக்க வேண்டாம், வட்டக் குச்சியை நறுக்கினால் போதும்.

இன்னொரு வழி, பலகையில் எழுத்தை ஓட்டையாக வெட்டுவது. இதில் புள்ளி வெறும் ட்ரில் துளை, பிரச்சினையே இல்லை. ஆனால் க, த, ன, ண மாதிரி எழுத்துகளில் சுழிக்குள் இருக்கும் துண்டு கழன்று விழும். அதைப் பிடித்து நிறுத்த இரண்டு மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு பாலம் விட வேண்டும். பாலத்தை மரத்தின் நார் ஓடும் திசையிலேயே வையுங்கள். குறுக்கே வைத்தால் உப்புத்தாள் போடும்போதே ஒடியும். கணினியில் வரும் மெல்லிய எழுத்துரு எதுவும் இதற்கு ஆகாது. பழைய கடைப் பலகைகளில் ஓவியர்கள் எழுதிய தடித்த எழுத்தைப் பார்த்து வரைந்துகொள்ளுங்கள். அதன் வளைவுகள் பிளேடு திரும்புவதற்கு இடம் கொடுக்கும்.

வாசலில் மாட்டுவதற்கு எம்.டி.எஃப்.-பில் அழகாகப் பெயர்ப் பலகை செய்தேன். ஒரு மழைக்காலத்திலேயே ஓரம் உப்பிவிட்டது. எந்த பெயின்ட் அடித்தால் தாங்கும்? (சென்னை)

எதுவும் தாங்காது. இந்தக் கேள்வி ஒவ்வொரு மழைக்கும் பிறகு வருகிறது, ஒவ்வொரு முறையும் இதே பதிலைத்தான் சொல்கிறேன். எம்.டி.எஃப். என்பது மரநாரைப் பசையோடு சேர்த்து அழுத்திய அட்டை. அதன் முகம் வழவழப்பாக இருக்கும், பெயின்ட் நன்றாகப் பிடிக்கும். ஆனால் ஸ்க்ரோல் சாவில் நீங்கள் செய்வது என்ன? முகத்தை விட ஓரத்தை அதிகமாக்குகிறீர்கள். ஒரு பூ டிசைனில் அத்தனை வளைவும் ஓரம்தான், அத்தனை ஓரமும் தண்ணீர் உறிஞ்சும் வாய்தான். வெளியே மாட்டினால் ஐப்பசி தாண்டாது. சமையலறை, குளியலறைப் பக்கமும் வைக்க வேண்டாம்.

அது கூடப் பரவாயில்லை, பலகை போனால் வேறு செய்யலாம். எனக்குக் கோபம் வருவது தூசி விஷயத்தில். எம்.டி.எஃப். தூள் மாவை விட மெல்லியது, கீழே விழாமல் காற்றிலேயே நிற்கும். சாதா எம்.டி.எஃப்.-பில் இருப்பது யூரியா ஃபார்மால்டிஹைடு பசை. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை மரத்தூளை 1995-லும் ஃபார்மால்டிஹைடை 2004-லும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் வைத்துவிட்டது. அந்த முதல் பிரிவில்தான் புகையிலையும் இருக்கிறது. இதெல்லாம் தெரிந்தும் வாசகர்கள் அனுப்பும் படங்களைப் பார்க்கிறேன். படுக்கையறை மூலையில் மெஷின், ஜன்னல் மூடி ஏசி ஓடுகிறது, மூக்கில் ஒன்றும் இல்லை, பக்கத்தில் குழந்தை உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறது. கோட்டில் தூள் சேராமலிருக்க மெஷினில் ஊதுகுழாய் வேறு இருக்கிறது. அது தூளை எங்கே ஊதுகிறது என்று யோசித்தீர்களா? முக்கால்வாசி உங்கள் முகத்துக்கும் குழந்தையின் முகத்துக்கும்தான்.

கைக்குட்டை மாஸ்க் ஆகாது. துணி மாஸ்க்கும் ஆகாது. என்95 போடுங்கள், மூக்குப் பாலத்தில் கம்பியை அழுத்தி இடைவெளி இல்லாமல் போடுங்கள். மேசைக்குக் கீழே வாக்குவம் குழாயைக் கட்டுங்கள். பால்கனி, மொட்டை மாடிக் கொட்டகை, கார் நிறுத்துமிடம் என்று காற்றோட்டமான எந்த இடமானாலும் சரி, படுக்கையறை மட்டும் வேண்டாம். வேலை முடிந்ததும் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், படிந்த தூள் திரும்பவும் எழும்பும். ஈரத்துணியால் துடையுங்கள்.

சரி, வாசல் பலகைக்கு என்ன செய்வது? தேக்கு, வேங்கை, அல்லது ஐ.எஸ். 710 (இந்தியத் தர எண்) முத்திரை உள்ள மரைன் பிளை, அதாவது தண்ணீர் தாங்கும் பிளைவுட். ஐ.எஸ். 303-ல் எம்.ஆர். (ஈரப்பதம் மட்டும் தாங்கும் வகை) என்று போட்டிருந்தால் அது வீட்டுக்குள் மட்டும். பிளையிலும் ஓரத்துக்கு வார்னிஷ் இரண்டு மூன்று கோட் கூடுதலாகக் கொடுங்கள். விலை அதிகம்தான். ஆனால் எம்.டி.எஃப்.-பில் இரண்டு தடவை செய்யும் செலவும் உழைப்பும் அதைவிட அதிகம்.

ரோஸ்வுட், செம்மரத் துண்டு தெரிந்தவர் தருகிறார். வாங்கலாமா? (சேலம்)

செம்மரத்தைத் தொடாதீர்கள், பேச்சே வேண்டாம். ரோஸ்வுட்டுக்கு 1994-லேயே தமிழ்நாட்டில் தனிப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, அதன் காலம் 2025-ல் முடிந்தது. இருந்தாலும் ரசீது இல்லாத துண்டை வாங்க வேண்டாம். பழைய வீடு இடிக்கும்போது கிடைக்கும் கட்டில் கால், ஜன்னல் சட்டம் மாதிரி பழைய மரங்களை ரசீதோடு விற்கும் கடைகள் இருக்கின்றன. அங்கே போங்கள்.

சாயம் போடாமல், மரத்தின் நிறத்தை வைத்தே படம் செய்ய ஆசை. நம் ஊர் மரங்களில் முடியுமா? (கோயம்புத்தூர்)

தாராளமாக. மைசூர் இன்லே வேலைக்காரர்கள் ரோஸ்வுட் பலகையில் பலவகை மரத்துண்டுகளைப் பதித்து இதைத்தான் செய்கிறார்கள். மஞ்சளுக்குப் பலா, வெளிர் நிறத்துக்கு ரப்பர் மரம் அல்லது வெட்பாலை, செம்பழுப்புக்கு வேம்பு, பொன்பழுப்புக்குத் தேக்கு, கரும்பழுப்புக்குப் பழைய ரோஸ்வுட். பலாவின் மஞ்சள் வெயில் பட்டால் நாளாவட்டத்தில் பழுப்பாகும், அதைக் கணக்கில் வைத்து நிறம் தேர்ந்தெடுங்கள். சாமில்லில் கழிவாகப் போகும் துண்டுகளே இந்த வேலைக்குப் போதும். எல்லாத் துண்டையும் ஒரே இடத்தில் சில வாரம் காயவிட்டு அப்புறம் வெட்டுங்கள். இல்லாவிட்டால் ஒன்று சுருங்கி ஒன்று சுருங்காமல் இடைவெளி விழும்.

குழந்தைகளுக்கான மர புதிர்ப் பொம்மை செய்து விற்கலாம் என்று இருக்கிறேன். என்ன பாலிஷ் அடிப்பது? (திருப்பூர்)

பாலிஷ் பிறகு. முதலில் அளவைப் பாருங்கள். மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு என்றால், ஒன்றேகால் அங்குல விட்டமுள்ள குழாய்க்குள் முழுதாக இறங்கும் துண்டு எதுவும் இருக்கக் கூடாது. அது தொண்டையில் அடைக்கும் அளவு. அடுத்து, விற்பனை என்று வந்துவிட்டால் 14 வயதுக்கு உட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். கைவினைஞராக மத்திய அரசின் கைவினைப் பொருள் வளர்ச்சி ஆணையரிடம் பதிவு செய்தவர்களுக்கு விலக்கு உண்டு. அதை விசாரித்துவிட்டு விற்பனையைத் தொடங்குங்கள்.

மரத்துக்கு வெட்பாலை நல்லது. கர்நாடகத்துச் சென்னபட்டணப் பொம்மைகளைப் பாரம்பரியமாக அதில்தான் செய்கிறார்கள், அரக்குதான் பூசுகிறார்கள். நீங்களும் அரக்கு அல்லது தேன்மெழுகு பூசுங்கள். பிள்ளை வாயில் வைக்கும் பொருளில் தின்னர் (பாலிஷை நீர்க்கச் செய்யும் ரசாயனத் திரவம்) கலந்த பாலிஷ் வேண்டாம், எம்.டி.எஃப்.-பும் வேண்டாம். மேலே ஒரு தடவை சொல்லிவிட்டேன், இங்கேயும் சொல்கிறேன்.

மகன் அமெரிக்காவிலிருந்து மெஷின் கொண்டுவருகிறேன் என்கிறான். (மதுரை)

அது 120 வோல்ட். நம் பிளக்கில் நேராகச் செருகினால் அன்றே புகைந்துவிடும். அதற்கு டிரான்ஸ்ஃபார்மர் தேட வேண்டும், உதிரி பாகத்துக்கு அலைய வேண்டும். மெஷினுக்குப் பதில் நல்ல பிளேடுகளாக வாங்கிவரச் சொல்லுங்கள், சாதா வகை, ஐந்து அங்குலம், 1, 3, 5, 7 எண்களில் சில டஜன்.

என் பெண்ணுக்கு 11 வயது. தானும் வெட்ட வேண்டும் என்கிறாள். விடலாமா? (காஞ்சிபுரம்)

நீங்கள் பக்கத்திலேயே நின்றால் விடலாம். மின்சார ரம்பங்களில் இதுதான் ஓரளவு சாதுவானது. ஆனாலும் விரல் நேராகப் பிளேடுக்கு எதிரில் வரக் கூடாது. முடியைக் கட்டச் சொல்லுங்கள், துப்பட்டா, வளையல் வேண்டாம், பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும், மாஸ்க் கட்டாயம். மெல்லிய பலகையில், குறைந்த வேகத்தில், பெரிய வளைவுள்ள மீன் ஒன்றை முதலில் வெட்டட்டும். பலகையைத் தள்ளக் கூடாது என்று முதல் நாளே பழக்கிவிடுங்கள்.

கொலுவுக்கு முப்பரிமாண யானை, குதிரை செய்ய முடியுமா? (ஸ்ரீரங்கம்)

முடியும். ஒன்றரை அங்குலச் சதுரக் கட்டையின் அடுத்தடுத்த இரண்டு முகங்களில், ஒன்றில் பக்கத் தோற்றமும் ஒன்றில் முன் தோற்றமும் ஒட்டுங்கள். ஒரு முகத்தை முழுதாக வெட்டுங்கள். விழும் துண்டுகளை எறிந்துவிடாமல் பழைய இடத்திலேயே வைத்து டேப்பால் இறுக்கிச் சுற்றுங்கள், கட்டை மறுபடி சதுரமாக நிற்கும். அப்புறம் அடுத்த முகம். உள்ளிருந்து பொம்மை முழு உருவத்தோடு வரும். மேசை பிளேடுக்குச் சரியாக 90 டிகிரியில் இருக்கிறதா என்று மூலைமட்டம் வைத்துப் பாருங்கள், கொஞ்சம் சாய்ந்தாலும் கால்கள் தடுமாறும். தும்பிக்கையை நார் ஓட்டத்தோடு வையுங்கள். ரப்பர் மரம், வேம்பு இரண்டும் இதற்கு ஆகும். புரட்டாசிக்கு வேண்டுமென்றால் ஆடியிலேயே கட்டையைக் காயப் போடுங்கள்.

ஸ்பைரல் பிளேடு எல்லாப் பக்கமும் வெட்டுமாமே, அதையே போட்டுவிடலாமா? (வேலூர்)

வெட்டும். கோடும் எல்லாப் பக்கமும் அலையும், ஓரமும் சொரசொரப்பாக வரும். மெஷினின் வாய்க்குள் திருப்ப முடியாத பெரிய பலகைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கடற்கரை ஓரம் வீடு. பிளேடெல்லாம் துரு ஏறுகிறது. (தூத்துக்குடி)

மூடி இறுகும் டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். எண்ணெய் தடவ வேண்டாம், மரத்தில் கறை விடும், அப்புறம் பாலிஷ் பிடிக்காது. டப்பா மேல் பிளேடு எண்ணை எழுதி ஒட்டுங்கள். 3-ம் 5-ம் ஒன்றாகக் கலந்துவிட்டால் கண்ணால் பிரிப்பது கஷ்டம்.