வீட்டுச் சாதனங்களுக்கு ஒரு பொதுத் தரநிலை வர ஏன் இவ்வளவு காலம் ஆனது?

வெவ்வேறு நிறுவனங்களின் விளக்கும் பூட்டும் ஸ்விட்சும் ஒன்றாக இயங்குவதற்கான தரநிலை ஏன் இத்தனை தாமதமாக வந்தது, மேட்டர் என்ற அந்தத் தரநிலை வந்தபின் சிக்கல் தீர்ந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது கேள்விக்குப் பாதி தீர்ந்திருக்கிறது என்பதே என் பதில்.

தொடக்கத்தில் சண்டை முழுவதும் தகவல் எந்த வழியாகப் போக வேண்டும் என்பதைப் பற்றியதாகவே இருந்தது. 1998-இல் ஹோம்பிஎன்ஏ என்ற கூட்டமைப்பு வீட்டுத் தொலைபேசிக் கம்பியை நம்பியது. 2000-இல் தோன்றிய ஹோம்பிளக் மின்கம்பியை நம்பியது. ஹோம்ஆர்எஃப் வானலையை நம்பியது. வீட்டுக்கென்றே, பேச்சும் தரவும் சேர்ந்து செல்லும்படி வடிவமைக்கப்பட்ட ஹோம்ஆர்எஃப் முதலில் நொடிக்கு 1.6 மெகாபிட் வேகமே தந்தது. 1999-இல் வந்த 802.11பி, அதாவது நாம் வைஃபை என்று அறிந்தது, 11 மெகாபிட் தந்ததோடு, அலுவலகங்களும் மடிக்கணினி நிறுவனங்களும் ஏற்றுக்கொண்டதால் விலையும் இறங்கியது. 2003-இல் ஹோம்ஆர்எஃப் குழு கலைந்தது. வீட்டுக்காகச் செய்தது தோற்று, வேறிடத்துக்காகச் செய்தது வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஆனால் பாதை பொதுவாகிவிட்டால் பேச்சும் பொதுவாகிவிடாது. அதே 2003-இல் சோனி, இன்டெல் முதலிய நிறுவனங்கள் தொடங்கிய டிஎல்என்ஏ, அதாவது வீட்டுச் சாதனங்கள் படம், பாட்டு, வீடியோவைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்வதற்கான தரநிலை அமைப்பு, இதற்கு நல்ல சான்று. அந்த முத்திரை என் தொலைக்காட்சியிலும் இருந்தது, கணினி மென்பொருளிலும் இருந்தது. புகைப்படங்கள் ஒழுங்காகத் தெரிந்தன, ஆனால் பாதிக்குமேல் வீடியோக்கள் ‘ஆதரிக்கப்படாத கோப்பு’ என்று நின்றுவிட்டன. கட்டாய வடிவங்களின் பட்டியல் சிறியது, மற்றவை நிறுவனத்தின் விருப்பம் என்று விட்டிருந்ததே காரணம். என் கணிப்பில், ஒரு தரநிலையில் விருப்பத்துக்கு விடப்படும் பகுதி பெரிதாகப் பெரிதாக முத்திரையின் பொருள் சிறிதாகிக்கொண்டே போகிறது. அந்த அமைப்பு 2017-இல் கலைக்கப்பட்டது.

மேட்டர் இந்த இடத்தில்தான் வேறுபடுகிறது. 2019 டிசம்பரில் அமேசான், ஆப்பிள், கூகுள் ஆகியவையும் ஜிக்பீ என்ற வீட்டுச் சாதன வானலைத் தரநிலையின் கூட்டமைப்பும் சேர்ந்து இம்முயற்சியை அறிவித்தன. முதல் பதிப்பு 2022 அக்டோபரில் வந்தது. தரவுப் போக்குவரத்துக்குப் புதிதாக ஒரு வானலையை உருவாக்காமல், ஏற்கெனவே உள்ள வைஃபை, கம்பிவழி ஈதர்நெட், சிறு சாதனங்களுக்கான த்ரெட் என்ற வானலை வலை ஆகியவற்றின்மேல், இணையம் பயன்படுத்தும் அதே ஐபி முறை வழியாகவே அது ஓடுகிறது. விளக்கு என்றால் எந்தக் கட்டளைக்கு எப்படி நடக்க வேண்டும் என்பதைத்தான் அது வரையறுக்கிறது. கட்டளை வெளியிலுள்ள சர்வருக்குப் போய்த் திரும்பாமல் வீட்டுக்குள்ளேயே முடிகிறது. ஒரு நிறுவனம் தன் சர்வரை நிறுத்தியதால் நான்கு ஸ்மார்ட் பிளக்குகளைச் சாதாரண பிளக்குகளாகப் பயன்படுத்த நேர்ந்த எனக்கு, இது ஒன்றே போதுமான லாபம். மேலும், ஒரே சாதனத்தை இரண்டு மூன்று நிறுவனங்களின் செயலிகளில் ஒரே நேரத்தில் சேர்த்துக்கொள்ளவும் முடிகிறது.

தீராத பாதி த்ரெட்டில் இருக்கிறது. குறைந்த மின்சாரத்தில் இயங்கும் அந்த வலையை வீட்டு ரூட்டருடன் இணைக்கும் பார்டர் ரூட்டர்கள் இரண்டு, இரு வேறு நிறுவனங்களுடையவையாக இருந்தால், அவை ஒரே வலையாகச் சேராமல் ஆளுக்கொரு வலையைக் கட்டிக்கொண்ட வழக்கம் உண்டு. வலைக்குள் சேரத் தேவைப்படும் ரகசியச் சாவியைப் பகிர்ந்துகொள்ளும் முறையை 2024-இல் வந்த த்ரெட் 1.4 வகுத்துவிட்டது, பழைய பெட்டிகளுக்கு அந்தப் புதுப்பிப்பைத் தருவது அந்தந்த நிறுவனத்தின் கையில். தரநிலையில் இடம்பெறாத சிறப்பு வசதிகளுக்கோ இன்றும் நிறுவனத்தின் சொந்தச் செயலிக்கே போக வேண்டியிருக்கிறது.

நீங்கள் வாங்குவதாக இருந்தால் ஒன்று செய்யுங்கள்: மேட்டர் சாதனத்துடன் வரும் கியூஆர் குறியீட்டையும் அதனருகிலுள்ள 11 இலக்க எண்ணையும் பொருத்துவதற்கு முன்பே படம் எடுத்து வையுங்கள். என் பல்பில் அது கழுத்துப் பகுதியில் அச்சாகியிருந்தது. ரீசெட் செய்து மறுபடி இணைக்க வேண்டியபோது ஏணி போட்டு ஏறிக் கழற்றித்தான் படித்தேன்.