சென்னைக்குக் கீழே என்னதான் இருக்கிறது? கேள்விகளும் பதில்களும்

மழைநீர் வடிகால், பாதாள சாக்கடைப் பணிகளில் பாதுகாப்பைக் கவனிக்கும் பொறியாளர் ஒருவர், மறந்துபோன சுரங்கங்கள் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கிண்டி, கல்லூரி மாணவர்: சார், நாங்க நாலு பேர். ஒரு பழைய மழைநீர் வடிகாலுக்குள் இறங்கி வீடியோ எடுக்கலாம்னு இருக்கோம். மே மாசம், தண்ணி இருக்காது. என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?

எதுவும் வேண்டாம், தம்பி. இறங்கவே போவதில்லை என்று முடிவு செய்துவிடுங்கள்.

தண்ணீர் இல்லாத மாதம்தான் அதிக ஆபத்து. மழைநீர் வடிகாலில் மழைநீர் மட்டும்தான் ஓடுகிறது என்பது வரைபடத்தில்தான். திருட்டுத்தனமாகச் செருகிய வீட்டுக் கழிவுக் குழாய்கள் எத்தனை என்று யாரும் எண்ணி முடித்ததில்லை. அந்தக் கழிவு, வெயிலில் ஓட்டம் இல்லாமல் அடிச்சேறாகத் தங்குகிறது. மேலே பாளம் விட்டு, நடக்கலாம் போலத் தெரியும். கால் வைத்ததும் பாளம் உடைந்து குமிழி குமிழியாக வரும். அதுதான் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற விஷவாயு. காற்றைவிடக் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு கனம் கூடியது, குனிந்தவர் முகத்தருகே நிற்கும்.

பலர் புரிந்துகொள்ளாதது இது: அழுகிய முட்டை நாற்றம் மிகக் குறைந்த அளவிலேயே தெரியும். 100 பிபிஎம்மை (காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு) தொட்டால் சில நிமிடங்களில் மூக்கு மரத்துவிடும். "நாத்தம் போயிடுச்சு, இனி பரவாயில்லை" என்று நினைக்கும் இடம் அதுதான். 500-ஐத் தாண்டினால் உயிர் போகலாம், 1000-க்கு அருகில் ஓரிரு மூச்சிலேயே ஆள் விழுவார். மூக்கை நம்பாதீர்கள்.

அதே மாணவர்: அப்போ காஸ் மீட்டர் வாங்கிட்டா?

நல்ல கேள்வி, ஆனால் மீட்டர் என்பது அனுமதிச் சீட்டு இல்லை. நாலு வாயு மீட்டர் ஆக்சிஜன், எரியும் வாயு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு ஆகியவற்றைக் காட்டும். வழக்கமான எச்சரிக்கை அளவுகள்: ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே, எரியும் வாயு வெடிக்கத் தொடங்கும் அளவில் 10 சதவீதம், கார்பன் மோனாக்சைடு 35, ஹைட்ரஜன் சல்ஃபைடு 10 பிபிஎம். ஆள் இறங்கும் முன் மீட்டரின் உறிஞ்சு குழாயை உள்ளே இறக்கி மேல், நடு, அடி என மூன்று மட்டத்திலும் உறிஞ்சிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு மட்டத்திலும் எண் நிலைக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

கடையில் சொல்லாத ஒரு விஷயம்: எரியும் வாயு அளக்கும் சாதாரண சென்சார் உள்ளுக்குள் வாயுவை எரித்துத்தான் அளக்கிறது. ஆக்சிஜன் ரொம்பக் குறைந்தால் அது எரியாது. மீத்தேன் நிறைந்த குழியிலும் எண் சின்னதாக வரும். அதனால் முதலில் ஆக்சிஜனைப் பாருங்கள், பிறகு மற்றவை. மேலே சுத்தமாகக் காட்டிய மீட்டர், உள்ளே சேற்றைக் கலக்கிய அரை நிமிடத்தில் கத்த ஆரம்பிக்கும். அப்போது நீங்கள் மேன்ஹோலிலிருந்து 30 மீட்டர் உள்ளே, குனிந்த நிலையில் இருப்பீர்கள்.

வில்லிவாக்கம்: மூடியை ஒரு மணி நேரம் திறந்துவைத்தால் காற்று வராதா?

கனமான வாயு தானாக மேலே ஏறி வராது. மின்விசிறி வைத்துக் காற்றை உள்ளே தள்ள வேண்டும், அதுவும் வேலை முடியும்வரை. நெருப்புக் குச்சி, மெழுகுவர்த்தி இறக்கிப் பார்க்கும் வேலை வேண்டவே வேண்டாம். காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் இருந்தால் பொறி போதும்.

சைதாப்பேட்டை: என்-95 மாஸ்க் போதுமா?

போதாது. தூசியைத்தான் தடுக்கும்.

புரசைவாக்கம்: மெட்ரோ சுரங்கத்தில் இரவு ரயில் நின்ற பிறகு நடக்கலாமா?

கூடாது. மேல்கம்பியில் 25,000 வோல்ட், மெட்ரோ ரயில் சட்டத்தின்படி குற்றமும்கூட. அடுத்த கேள்வி.

திருவல்லிக்கேணி: செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலிருந்து உயர்நீதிமன்றத்துக்கும் சேப்பாக்கம் அரண்மனைக்கும் சுரங்கம் இருக்கிறது. எங்கள் தாத்தா காலத்தில் பார்த்தவர்கள் உண்டு. நீங்கள் ஏன் அதைப் பற்றிப் பேசவே இல்லை?

இதற்காகத்தான் பாதிப் பேர் வந்திருக்கிறீர்கள் என்று தெரியும். சேப்பாக்கத்தை எடுத்துக்கொள்வோம். நடுவில் கூவம் கடலில் சேருகிறது. கடலோரம் முழுக்க மணல், கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். ஆள் நிமிர்ந்து நடக்க 1.8 மீட்டர் உயரம் வேண்டும். அதன் மேல் வளைவு, அதன் மேல் மண். சுரங்கத்தின் தரை நிலத்தடி நீருக்குள்தான் இருக்கும், ஆற்றுக்கு அடியில் இன்னும் ஆழம். இறைத்துக்கொண்டே இருந்தால்தான் காலாவது நனையாமல் இருக்கும்.

திருவல்லிக்கேணி: லண்டனில் தேம்ஸ் ஆற்றுக்கு அடியில் 1843-லேயே செங்கல் சுரங்கம் திறந்தார்களே? வெள்ளைக்காரனுக்கு இங்கே மட்டும் முடியாதா?

நல்ல வாதம். அதைக் கட்ட 1825-லிருந்து 18 வருடம் ஆனது. பலமுறை ஆறு உள்ளே புகுந்தது, ஆட்கள் செத்தார்கள், பணம் தீர்ந்து வருடக்கணக்கில் வேலை நின்றது. தோண்டும் முகத்தைத் தாங்க இரும்புக் கவசச் சட்டம் வைத்தும் அந்தக் கதி.

இப்போது கணக்கைப் பாருங்கள். 1.2 மீட்டர் அகலம், 1.8 மீட்டர் உயரம், சுற்றிலும் 45 சென்டிமீட்டர் கட்டுமானம் என்றால், மீட்டருக்கு ஆயிரம் செங்கலுக்கு மேல். ஒன்றரை கிலோமீட்டருக்குப் பதினைந்து லட்சத்துக்கு மேல். செங்கல், சுண்ணாம்பு, கூலி எல்லாவற்றுக்கும் கணக்கு எழுதியது கிழக்கிந்தியக் கம்பெனி. ரகசியமாகச் செய்யலாம், கணக்கில்லாமல் செய்ய முடியாது.

கொரட்டூர்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். மெட்ரோவும் அதே மண்ணில்தானே தோண்டினார்கள்?

தோண்டும் இயந்திரம் முன்னால் இருக்கும் மண்ணையும் நீரையும் எதிர் அழுத்தம் கொடுத்துப் பிடித்துக்கொண்டே போகிறது. பின்னால் ரப்பர் பட்டை வைத்த கான்கிரீட் வளையங்கள் வைக்கிறார்கள். அப்படியிருந்தும் 2017 ஏப்ரலில் அண்ணா சாலை உள்வாங்கி, பஸ்ஸும் காரும் குழியில் இறங்கின. மண்வெட்டியும் கூடையும் வைத்துக்கொண்டு இதைச் செய்தார்கள் என்கிறீர்களா?

திருவல்லிக்கேணி: சரி, சேப்பாக்கத்தை விட்டுவிடுகிறேன். உயர்நீதிமன்றம்?

அங்கே ஆறு குறுக்கே வராது, அதனால் கட்டவே முடியாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கட்டடம் 1892-இல் திறந்தது. அதற்குள் கோட்டைக்கு முற்றுகைப் பயம் போய் நூறு வருடம் ஆகிவிட்டது. ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் 1914-இல் குண்டு போட்ட பிறகு வெட்டினார்கள் என்பீர்கள். கடலிலிருந்து சில நிமிடங்கள் சுட்டுவிட்டுப் போகிற கப்பலுக்கு, பக்கத்திலேயே பதுங்க இடம் போதும். தாத்தா காலத்தில் பார்த்தார்கள் என்பதை நான் பொய் என்று சொல்லவில்லை. அந்தக் காலக் கோட்டைகளில் மதிலுக்குள்ளேயே வளைவு அறைகள் கட்டுவது வழக்கம். பெரிய கட்டடங்களுக்கு நிலவறை உண்டு, வடிகால் வாய் உண்டு. இருட்டில் பத்தடி தெரிகிற வளைவைப் பார்த்தவர், அது எங்கே போகிறது என்பதைத் தானே முடிவு செய்துகொள்வார்.

கோட்டையோடு சேர்ந்த ஒரு நிஜமான நிலத்தடி வேலை வேண்டுமா? ஏழு கிணறு. 1772-லிருந்து அங்கிருந்து கோட்டைக்குக் குழாயில் தண்ணீர் போனது. அதைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை, ஏனென்றால் அதற்குள் ஆள் நுழைய முடியாது.

பெரம்பூர்: கார்ட்ரிட்ஜ் வைத்த கெமிக்கல் மாஸ்க் போட்டால்?

மாஸ்க் கேள்வி இதோடு மூன்றாவது (ஒன்றை வெளியிடவில்லை). கார்ட்ரிட்ஜ் காற்றை வடிகட்டும், ஆக்சிஜனை உண்டாக்காது. முதுகில் காற்றுச் சிலிண்டர், உடல் முழுக்கக் கட்டும் ஹார்னஸ், மேலே முக்காலிச் சட்டம், ஆளைத் தூக்கும் வின்ச், அதை இயக்கத் தெரிந்தவர்: இது முழுசாக இருந்தால்தான் மீட்புக் குழுவே இறங்கும். விழுந்தவரைத் தூக்கக் குதித்தவரும் அவரை எடுக்கப் போனவரும் சேர்ந்து சாவதுதான் திரும்பத் திரும்ப நடக்கிறது. மூக்கை நம்பாதீர்கள், நண்பனின் தைரியத்தையும் நம்பாதீர்கள்.

வியாசர்பாடி: நீங்கள் சொல்வதெல்லாம் வேடிக்கைக்கு இறங்குகிறவர்களுக்கு. வயிற்றுக்காக இறக்கிவிடப்படுகிறவர்கள்?

அவர்களை இறக்குவது குற்றம். பாதுகாப்புக் கருவி இல்லாமல் சாக்கடைக்குள் ஆளை இறக்குவதை 2013 சட்டம் தடை செய்கிறது. சாவுக்கு 30 லட்ச ரூபாய் இழப்பீடு என்று உச்சநீதிமன்றம் 2023-இல் சொன்னது. நீரழுத்தத்தால் அடைப்பெடுக்கும் ஜெட்ராடிங் வண்டியும் உறிஞ்சும் லாரியும் இருக்கும்போது "சின்ன அடைப்புதான், ரெண்டு நிமிஷம்" என்று அழைக்கும் வீட்டுக்காரரும் பொறுப்பாளிதான்.

தியாகராய நகர்: இறங்காமல் இதைத் தெரிந்துகொள்ள வழியே இல்லையா?

இருக்கிறது, இதுதான் சுவாரசியமும். நம் பாதாள சாக்கடை 1910 வாக்கில், 1961-இல் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள் என்ற கணக்கில் வடிவமைத்தது. ஊர் தட்டை, சரிவு போதாது. அதனால் கழிவு கொஞ்ச தூரம் தானாக ஓடி, நீரேற்று நிலையத்தில் ஏறி, மறுபடி ஓடுகிறது. உங்கள் பகுதி நிலையம் எது என்று கண்டுபிடித்தாலே தெருக்களின் சரிவு புரிந்துவிடும். மூடிகளில் எழுத்தைப் படியுங்கள், குடிநீர் வாரியமா, மாநகராட்சியா, தொலைபேசியா என்று தெரியும். வள்ளுவர் கோட்டத்திலிருந்து மாம்பலம் கால்வாயை அடையாறு வரை மேலேயே நடந்து தொடருங்கள். நீங்கள் குடியிருக்கும் தி. நகரே 1920-களில் வற்றவைத்த ஏரியின் படுகை. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பழைய வரைபடங்கள் உண்டு. வடிகால் விவரம் வேண்டுமென்றால் 10 ரூபாய் கட்டி ஆர்டிஐ போடலாம், பாதுகாப்பு என்று சொல்லிச் சிலதை மறுப்பார்கள்.

அம்பத்தூர்: எங்கள் தெருவில் மூடி இல்லாத குழி ஒன்று இருக்கிறது, உள்ளே படிக்கட்டு தெரிகிறது. எட்டிப் பார்க்கலாமா?

எட்டிப் பார்க்காதீர்கள். மரக்கிளை நட்டுச் சிவப்புத் துணி கட்டிவிட்டு மாநகராட்சியின் 1913 என்ற எண்ணுக்கு அழையுங்கள். மின்கம்ப எண்ணைச் சொன்னால் இடத்தைச் சீக்கிரம் பிடிப்பார்கள். புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். அக்டோபருக்குள் மூடவில்லை என்றால் மறுபடி அழையுங்கள். தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றால் அந்தக் குழி யார் கண்ணுக்கும் தெரியாது.