படம் பார்த்துப் பல்லி சொல்கிறேன்

கோத்தகிரியிலிருந்து: ஐயா, சவூதியில் வேலை பார்க்கும் என் தம்பி பாலைவனத்தில் எடுத்த படம் இது. மஞ்சள் நிறம், தடித்த உடம்பு, வாலெல்லாம் முள். உடும்பு என்று சாதிக்கிறான். சரிதானா?

உடும்பு இல்லை. வாலைப் பெரிதாக்கிப் பாருங்கள்: வளையம் வளையமாக முள் வரிசை. உடும்பின் வாலில் இப்படி முள் கிடையாது. இது முள்வால் ஓணான். அரபிகள் 'தப்' என்பார்கள். பார்க்கத்தான் முரடு, தின்பது பெரும்பாலும் இலை தழை. நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். காலையில் வளையை விட்டு வரும்போது கருத்திருக்கும், உடம்பு சூடேறினால் மஞ்சளாக வெளுக்கும். படத்தில் நிழல் வயிற்றடியில் சுருங்கிக் கிடக்கிறது. உச்சி வெயிலில் எடுத்திருக்கிறார், அதுதான் இந்த மஞ்சள்.

கூடலூரிலிருந்து: நம் நாட்டில் அது உண்டா சார்?

அதன் உறவுக்கார இனம் தார் பாலைவனத்திலும் கட்ச் பக்கமும் இருக்கிறது. அதன் கொழுப்பை உருக்கித்தான் 'சாண்டா தைலம்' என்று விற்கிறார்கள். சந்தையில் யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். வனவிலங்குச் சட்டம் பாதுகாக்கும் பிராணி அது. பிடிப்பதும் விற்பதும் குற்றம்.

ஊட்டியிலிருந்து: அண்ணா, எங்கள் வேலியில் பச்சையாக, முதுகில் முள்ளோடு ஒன்று. இதையும் யாராவது பாலைவனத்திலிருந்து கொண்டுவந்து விட்டிருப்பார்களோ?

நல்லா கேட்டீங்க போங்க! 2,240 மீட்டர் உயரத்துக் குளிரில் பாலைவனப் பிராணி எங்கே தாங்கும்? இது நம் மலைக்காரர், சலியா ஹார்ஸ்ஃபீல்டி என்ற ஓணான். 1845-லேயே கிரே என்ற விலங்கியலாளர் அறிவியல் பெயர் வைத்துவிட்டார். கண்ணுக்குக் கீழிருந்து முன்னங்கால் வரை ஒரு வெண்பட்டை ஓடுகிறதே, அது நல்ல அடையாளம். சோலையிலும் இருக்கும், வேலிப் புதரிலும் இருக்கும். வேலியை ஒட்ட வெட்டிவிடாதீர்கள்.

குன்னூரிலிருந்து: துபாயில் அக்கா எடுத்த படம். மணலில் பாதி புதைந்த சின்ன ஓணான். பெயர் என்ன?

இந்த மங்கல் படத்தை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. விரலோரம் சீப்புப் பல் மாதிரி செதில்கள் தெரிகின்றன. மணலில் ஓடும் பல இனங்களுக்கு அது உண்டு. அக்காவிடம் கேளுங்கள்: மழுங்கிய முகமா? உடம்பைக் குலுக்கிப் புதைந்ததா? வாலைச் சுருட்டிக் காட்டியதா? ஆமாம் என்றால் தேரைத்தலை ஓணான். கூர்மூக்கு, நீண்ட வால் என்றால் வேறு குடும்பம். அடுத்த முறை பக்கவாட்டில், பாதம் தெரிய எடுக்கச் சொல்லுங்கள். தோண்டி எடுக்க வேண்டாம்.