கடை மெயில் ஏன் ஸ்பாமுக்குப் போகிறது? – வாசகர் கேள்வி பதில்

ஈரோட்டில் போர்வை, பெட்ஷீட் வியாபாரம் செய்கிறேன். பழைய வாடிக்கையாளர்கள் 8,000 பேருக்குத் தீபாவளித் தள்ளுபடி பற்றி ஒரு மொத்த மெயில் சேவை வழியாக அனுப்பினேன். அனுப்புநர் முகவரி, கடை பெயரில் இருக்கும் ஜிமெயில்தான். சில வருடங்களுக்கு முன்பு இதேபோல் அனுப்பியபோது ஒழுங்காகப் போனது. இந்த முறை பாதி ஸ்பாமில், பாதி திரும்பி வந்துவிட்டது. என்ன மாறியது?
– வாசகர், ஈரோடு

விதி மாறிவிட்டது, நீங்கள் மாறவில்லை. மொத்தமாக மெயில் அனுப்புவோருக்கான புது விதிகளைக் கூகுளும் யாகூவும் 2023 அக்டோபரில் அறிவித்து 2024 பிப்ரவரியிலிருந்து நடைமுறைப்படுத்தினார்கள். கூகுள் கணக்குப்படி ஒரு நாளில் தனிநபர் ஜிமெயில் கணக்குகளுக்கு 5,000 மெயில் அல்லது அதற்கு மேல் அனுப்பினால் நீங்கள் மொத்த அனுப்புநர். 2025 மே 5 முதல் மைக்ரோசாஃப்டும் தன் அவுட்லுக், ஹாட்மெயில் முகவரிகளுக்குக் கிட்டத்தட்ட இதே விதியைக் கொண்டுவந்துவிட்டது.

முதலில் அந்த ஜிமெயில் முகவரியை விடுங்கள். வேறொரு கம்பெனியின் சர்வரிலிருந்து கிளம்பும் மெயிலில் ஜிமெயில் முகவரியை அனுப்புநராகப் போடாதே என்று கூகுள் விதியிலேயே இருக்கிறது. யாகூ 2014-லேயே இன்னும் கறாராக, தன் பெயரில் வெளி சர்வரிலிருந்து வருவதைத் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டது. சொந்த டொமைன் (மெயில் முகவரியில் @-க்குப் பின் வரும் பெயர்) ஒன்று வாங்குங்கள், ஒரு பெட்ஷீட் விலைகூட ஆகாது. அந்த டொமைனுக்கான விவரங்களை இணையம் முழுக்கப் பார்க்க வைக்கும் பதிவேடான டி.என்.எஸ். பகுதியில் மூன்று பதிவுகள் வேண்டும். எஸ்.பி.எஃப். என்பது உங்கள் சார்பாக எந்தெந்த சர்வர்கள் அனுப்பலாம் என்ற பட்டியல். டிகிம், ஒவ்வொரு மெயிலிலும் விழும் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்கும் சாவி. டிமார்க், இந்த இரண்டில் ஒன்றாவது வாசகர் கண்ணில் படும் அனுப்புநர் டொமைனோடு பொருந்துகிறதா என்று பார்க்கச் சொல்வது.

நிறைய பேர் தடுக்கி விழுவது இந்தக் கடைசி இடத்தில்தான். மெயில் சேவைக்காரர் தன் சொந்த டொமைனில் கையொப்பம் போட்டு அனுப்பியிருப்பார், எஸ்.பி.எஃப். சோதனையும் அவர் டொமைனுக்கே நடந்திருக்கும், இரண்டும் பாஸ் என்று வரும், ஆனால் அதில் எங்கும் உங்கள் கடை பெயர் இருக்காது, அதனால் டிமார்க் ஃபெயில். உங்கள் ஜிமெயிலுக்கே ஒன்றை அனுப்பி, மூன்று புள்ளி மெனுவில் 'ஷோ ஒரிஜினல்' அழுத்திப் பாருங்கள். பாஸ் என்று இருந்தால் மட்டும் போதாது, எந்த டொமைனுக்குப் பாஸ் என்பதையும் படியுங்கள்.

அப்புறம், புது டொமைனிலிருந்து முதல் நாளே 8,000 தட்டிவிடாதீர்கள். அடிக்கடி வாங்கும் சில நூறு பேரிடம் தொடங்கி மெதுவாக ஏற்றுங்கள். திரும்பி வந்த முகவரிகளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

எங்கள் அறக்கட்டளை மாதம் ஒருமுறை 2,000 பேருக்குத்தான் அனுப்புகிறது. எங்களுக்கு இதெல்லாம் வேண்டாம்தானே?
– வாசகி, மதுரை

முழுசாகத் தப்ப முடியாது. எஸ்.பி.எஃப். அல்லது டிகிம் ஏதாவது ஒன்று எல்லா அனுப்புநருக்கும் கட்டாயம். அதோடு கூகுள் எண்ணிக்கையை முதன்மை டொமைனுக்கு மொத்தமாகப் போடுகிறது. செய்திமடல், ரசீது, துணை டொமைன் எல்லாம் ஒரே கணக்கு. ஒரே ஒருநாள் 5,000-ஐத் தொட்டுவிட்டாலும் மொத்த அனுப்புநர் என்ற முத்திரை பிறகு போகாது. மூன்றையும் செய்துவிடுங்கள், ஒரு மத்தியான வேலைதான்.

எஸ்.பி.எஃப்., டிகிம், டிமார்க் மூன்றும் பாஸ். ஆனாலும் ஸ்பாமுக்குப் போகிறது. அனுப்புநர்களுக்காகக் கூகுள் தரும் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸில் ஸ்பாம் விகிதம் 0.1%-க்கும் கீழேதான் காட்டுகிறது. குழப்பமாக இருக்கிறது.
– வாசகர், சென்னை

இந்த எண் ஏமாற்றும். பெறுபவர்கள் 'ஸ்பாம்' என்று அழுத்துவதைத்தான் அது எண்ணுகிறது, அதுவும் இன்பாக்ஸில் விழுந்த மெயில்களை வைத்து. ஏற்கனவே ஸ்பாமில் கிடக்கும் மெயிலை யார் போய் ஸ்பாம் என்று அழுத்துவார்கள்? ஆக நிலைமை மோசமாக மோசமாக எண் அழகாகத் தெரியலாம். கூகுள் சொல்வது 0.10%-க்குக் கீழே இரு, 0.30%-ஐ எட்டவே எட்டாதே என்று. ஆயிரத்துக்கு மூன்று பேர் எரிச்சலானால் போதும்.

எஸ்.பி.எஃப்., டிகிம் எல்லாம் நீங்கள் யார் என்று காட்டுவதோடு சரி. நீங்கள் அனுப்புவது வேண்டுமா என்பது பெறுபவர் முடிவு. அந்தப் பட்டியல் எங்கிருந்து வந்தது? கண்காட்சி ஸ்டாலில் குலுக்கல் பரிசுக்கு எழுதி வாங்கியதா, யாரோ விலைக்குக் கொடுத்த எக்செல் ஷீட்டா? அப்படியென்றால் அந்த ஷீட்டைத் தூக்கிப் போடுங்கள், வேறு மருந்து இல்லை.

ஒரே கிளிக்கில் விலகும் வசதி கட்டாயமாமே. மெயிலின் அடியில் ஏற்கனவே சின்ன எழுத்தில் லிங்க் இருக்கிறது, போதாதா? இதைப் பெரிதாகக் காட்டினால் எல்லாரும் போய்விட மாட்டார்களா?
– வாசகர், திருச்சி

போதாது. மொத்த அனுப்புநரின் விளம்பர மெயிலில், வாசகர் கண்ணில் படாத 'ஹெடர்' பகுதியில் 'லிஸ்ட்-அன்சப்ஸ்கிரைப்', 'லிஸ்ட்-அன்சப்ஸ்கிரைப்-போஸ்ட்' என்று இரண்டு வரிகள் போக வேண்டும். அதைப் பார்த்துத்தான் ஜிமெயில் அனுப்புநர் பெயருக்குப் பக்கத்தில் விலகும் பொத்தானைக் காட்டும். ஏன் இரண்டாவது வரி என்றால், வைரஸ் சோதனை மென்பொருள்கள் மெயிலில் உள்ள லிங்குகளைத் தாமே திறந்து பார்க்கும், அதில் பாவம், விலக நினைக்காதவர்களும் விலகிப் போனார்கள். மனிதர் அழுத்தியதையும் மென்பொருள் எட்டிப் பார்த்ததையும் பிரித்துக் காட்டவே அந்த வரி. விலகியவரை இரண்டு நாளுக்குள் நீக்க வேண்டும். ஓ.டி.பி., பில், ஆர்டர் தகவல் போன்றவற்றுக்கு இது தேவையில்லை.

போகிறவர் போகட்டும் சார். கதவைப் பூட்டினால் அவர் 'ஸ்பாம்' பொத்தானை அழுத்துவார், அந்த ஆயிரத்துக்கு மூன்றில் ஒருவர் அவர்.

பழைய வெப்சைட்காரர் ஒரு எஸ்.பி.எஃப். போட்டார், புதிய மெயில் சேவை இன்னொன்று போடச் சொல்கிறது. போடலாமா?
– வாசகர், யாழ்ப்பாணம்

கூடாது. ஒரு டொமைனுக்கு ஒன்றுதான். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. ஒரே வரியில் இரண்டையும் சேர்த்து எழுதுங்கள், அதைச் சரிபார்க்கத் தேவைப்படும் டி.என்.எஸ். தேடல்கள் 10-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிமார்க்கில் 'நன்', 'குவாரன்டைன்', 'ரிஜெக்ட்' என்று மூன்று இருக்கிறதே, எதை வைப்பது?
– வாசகி, கோவை

டிமார்க் ஃபெயிலான மெயிலை 'நன்' ஒன்றும் செய்யச் சொல்லாது, 'குவாரன்டைன்' ஸ்பாமில் போடச் சொல்லும், 'ரிஜெக்ட்' திருப்பி அனுப்பச் சொல்லும். விதிக்கு 'நன்' போதும். அதோடு அறிக்கை வர ஒரு மெயில் முகவரியும் கொடுத்து, சில வாரம் பாருங்கள். உங்கள் பெயரில் யார் யார் அனுப்புகிறார்கள் என்று தெரியும், கணக்குப் பிள்ளை பயன்படுத்தும் பில்லிங் மென்பொருள் உட்பட. அதைச் சரிசெய்யாமல் நேராக 'ரிஜெக்ட்' போட்டால் முதலில் காணாமல் போவது உங்கள் இன்வாய்ஸ்தான்.