குருதியில் மருந்தை அளக்கும் மின்வாய்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அப்பாவுக்குச் சீனி வருத்தம். வீட்டிலுள்ள சிறிய மீற்றரில்தான் பார்க்கிறோம். காய்ச்சலுக்குப் பனடோல் குடிக்கும் நாட்களில் அளவு கூடக் காட்டுகிறது. மருந்துதான் காரணமா?
– வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: காய்ச்சலே குருதிச் சீனியைக் கூட்டும். ஆகவே முதற் சந்தேகம் மருந்தின் மேல் விழ வேண்டியதில்லை. ஆனாலும் உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. மீற்றரில் செருகும் பட்டியிலுள்ள நொதியம் குளுக்கோசிலிருந்து இலத்திரன்களைப் பிரித்து மின்வாய்க்கு (மின்னோட்டத்தை எடுத்துச் செல்லும் முனைக்கு) கொடுக்கிறது. மீற்றர் எண்ணுவது அந்த இலத்திரன்களைத்தான். அவை எதிலிருந்து வந்தன என்று அதற்குத் தெரியாது. பனடோலிலுள்ள பரசிற்றமோலும் விற்றமின் சி-யும் அதே மின்வாயில் தாமாகவே இலத்திரன் கொடுக்கக் கூடியவை. வைத்தியர் சொன்ன அளவில் குடித்த பனடோலால் இன்றைய விரற்குத்துப் பட்டிகளில் வரும் பிழை பெரும்பாலும் சிறியது. நாளம் வழியாக ஏற்றப்படும் பெரிய அளவு விற்றமின் சி-யால் வரும் பிழை பெரியது.

வீட்டில் அதைவிட அடிக்கடி நடக்கும் பிழைகள் வேறு. மாம்பழம் உரித்த விரலைக் கழுவாமல் குத்தினால் அளவு ஏறும். சவர்க்காரத்தால் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுக் குத்துங்கள். குருதிச்சோகை உள்ளவருக்குப் பல மீற்றர்கள் கூட்டியே காட்டும். பட்டிப் போத்தலை 30 பாகை செல்சியசுக்கு மேல் வைக்க வேண்டாம் என்றே பெரும்பாலும் அச்சிட்டிருப்பார்கள். எங்கள் பங்குனி, சித்திரை வெயிலில் தகரக் கூரை வீடு அந்த அளவைத் தாண்டிவிடும். அதற்காகக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் திறக்கும்போது ஈரம் படியும். உள்ளறையில், நிலத்தோடு ஒட்டிய நிழலான இடத்தில், மூடியை இறுக்கி வையுங்கள்.

சிறுநீரக நோயாளர் வீடுகளுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஐக்கோடெக்ஸ்ரின் கரைசலால் வயிற்றறைக் குருதிச் சுத்திகரிப்புச் செய்பவர்களுக்குச் சில வகைப் பட்டிகள், அந்தக் கரைசல் உடம்பில் உடைந்து உண்டாகும் மோல்ற்றோசு என்ற சீனியையும் குளுக்கோசாக எண்ணிவிடும். அந்தப் பொய்யான அளவை நம்பி இன்சுலின் போட்டதால் உயிரிழப்புகள் நடந்திருக்கின்றன. உங்கள் பட்டி அந்த வகையா என்று கிளினிக்கில் காட்டிக் கேளுங்கள்.

கேள்வி: இறுதியாண்டு ஆய்வுக்காக அச்சிட்ட காபன் மின்வாய்ப் பட்டிகளில் பரசிற்றமோலை அளக்கிறேன். தாங்கற் கரைசலில் (பீ.எச் மாறாமல் காக்கும் கரைசல்) அழகான மின்னோட்ட உச்சி வருகிறது. நீர்ப்பாயத்தில் (குருதி உறைந்தபின் பிரியும் தெளிந்த திரவம்) இட்டதும் உச்சி வலப்பக்கம் தள்ளிப் போகிறது; ஒவ்வோர் ஓட்டத்துக்கும் தேய்ந்து மூன்றாவதில் காணாமலே போகிறது. எங்கே பிழை?
– மாணவர், பம்பைமடு

பதில்: இரண்டு வேறு பிழைகள் ஒன்றாக வந்திருக்கின்றன.

உச்சி தள்ளிப் போவதற்கு மாட்டேற்று மின்வாயை, அதாவது அழுத்தத்தை எதோடு ஒப்பிட்டு அளக்கிறோமோ அந்த மின்வாயைப் பாருங்கள். கண்ணாடிக் குழாயில் வரும் வெள்ளி/வெள்ளிக் குளோரைட்டு மின்வாய்க்குள் தனக்கென்று குளோரைட்டுக் கரைசல் இருக்கும். அச்சிட்ட பட்டியில் இருப்பது வெறும் வெள்ளிப் பூச்சு. அது தன் அழுத்தத்தை உங்கள் மாதிரியிலுள்ள குளோரைட்டிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. குளோரைட்டு பத்து மடங்கு மாறினால் அழுத்தம் ஏறத்தாழ 59 மில்லிவோல்ற்று நகரும். நீர்ப்பாயத்தில் லீற்றருக்கு 100 மில்லிமூல் அளவில் குளோரைட்டு இருக்கிறது. ஆகவே தாங்கற் கரைசலிலும் லீற்றருக்கு 0.1 மூல் பொற்றாசியம் குளோரைட்டு இருக்கட்டும். காரகாடித்தன்மையையும் (பீ.எச்) 7.4-இல் நிறுத்துங்கள். பரசிற்றமோல் ஒட்சியேறும்போது இரண்டு இலத்திரனோடு இரண்டு புரோத்தனும் போவதால், பீ.எச் ஓர் அலகு மாறினாலும் அதே 59 மில்லிவோல்ற்று மாறும்.

உச்சி தேய்வது அல்புமினால். லீற்றருக்கு 35 முதல் 50 கிராம் வரை இருக்கும் அந்தப் புரதம் காபனில் ஒட்டிப் பரப்பை மூடிவிடுகிறது. பரசிற்றமோல் புரதத்தோடு கட்டுண்டு மறைந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். கட்டுப்படும் பங்கு சிறிது. நீர்ப்பாயத்தைத் தாங்கற் கரைசலால் பத்து மடங்கு ஐதாக்குங்கள். உணர்திறன் போய்விடுமே என்று பயப்படத் தேவையில்லை. நஞ்சேறிய நிலையில், மருந்தைக் குடித்து நான்காம் மணித்தியாலத்தில் பார்க்கும் எல்லை லீற்றருக்கு 150 மில்லிகிராம், அதாவது ஏறத்தாழ 1000 மைக்ரோமூல். பத்திலொன்றாக்கினாலும் 100 மைக்ரோமூல் மிஞ்சும். அது காபன் மின்வாய்க்குத் தாராளம்.

நீங்கள் இன்னும் கவனிக்காத மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. யூரிக்கமிலம். எல்லார் குருதியிலும் லீற்றருக்குச் சில நூறு மைக்ரோமூல் இருக்கும் இது, வெறுங் காபனில் பரசிற்றமோலுக்குச் சற்று முன்னே ஒட்சியேறி இரண்டு உச்சியையும் ஒன்றாக்கிவிடும். பீ.எச் 7.4-இல் யூரிக்கமிலமும் அசுகோபிக்கமிலமும் (விற்றமின் சி) மறையேற்றம் கொண்டவை, பரசிற்றமோல் நடுநிலையானது. ஆகவே மறையேற்றமுள்ள நபியோன் என்ற பல்பகுதியப் படலம் முன்னிரண்டையும் தள்ளி மருந்தை உள்ளே விடும். 5 சதவீத நபியோனை எதனோலால் பத்து மடங்கு ஐதாக்கி, 3 முதல் 4 மில்லிமீற்றர் விட்டமுள்ள மின்வாயில் 2 மைக்ரோலீற்றர் விட்டு, மூடிய பாத்திரத்தில் அரை மணித்தியாலம் உலர விடுங்கள். மாரி காலத்தில் இன்னும் நேரம் கொடுங்கள். ஈரக் காற்றில் படலம் ஒரு பக்கம் தடித்துவிடும். தடித்த படலம் மருந்தையும் மெதுவாகத்தான் விடும்.

அளவிடும்போது நியமச் சேர்ப்பு முறையை (அளவு தெரிந்த மருந்தை மாதிரியிலேயே சிறிது சிறிதாகச் சேர்த்து அளப்பது) தவிர வேறெதையும் நான் நம்பமாட்டேன். தாங்கற் கரைசலில் வரைந்த அளவுகோட்டை நீர்ப்பாயத்துக்குப் பொருத்துவதுதான் மாணவர் ஆய்வுகளைக் கெடுக்கும் பெரிய பிழை. 15.1 மில்லிகிராம் பரசிற்றமோலை 10 மில்லிலீற்றரில் கரைத்தால் லீற்றருக்கு 10 மில்லிமூல் இருப்புக் கரைசல் கிடைக்கும். 0.5 மில்லிலீற்றர் நீர்ப்பாயமும் 4.5 மில்லிலீற்றர் தாங்கற் கரைசலும் எடுத்துப் பட்டியை அமிழ்த்துங்கள். துடிப்பு முறையில் 0 இலிருந்து 0.7 வோல்ற்று வரை, துடிப்பு 50, படி 5 மில்லிவோல்ற்று என்று ஓட்டுங்கள். அடுத்தடுத்த மூன்று ஓட்டங்கள் 5 சதவீதத்துக்குள் ஒத்துவந்த பிறகே சேர்ப்பைத் தொடங்குங்கள். ஒத்துவராவிட்டால் இன்னும் ஐதாக்குங்கள். பிறகு 50 மைக்ரோலீற்றர் வீதம் மூன்று தடவை சேருங்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 100 மைக்ரோமூல் கூட்டும். எடுத்துக்காட்டாக, தொடக்கத்தில் 2.4 மைக்ரோஅம்பியர், ஒவ்வொரு சேர்ப்புக்கும் 2.0 கூடுகிறது என்றால், கலத்தில் இருந்தது 120 மைக்ரோமூல், நீர்ப்பாயத்தில் 1200, லீற்றருக்கு ஏறத்தாழ 181 மில்லிகிராம்.

பட்டியைக் கிணற்றுத் தண்ணீரில் அலசாதீர்கள். வன்னியின் வன்னீரிலுள்ள கல்சியமும் குளோரைட்டும் அடுத்த ஓட்டத்திலேயே தெரியும். காய்ச்சி வடித்த நீர் வேண்டும். மனிதக் குருதிக்கு ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி வரும்வரை மாட்டு நீர்ப்பாயத்தில் பழகுங்கள். சிந்தியதை 0.5 சதவீத குளோரின் கரைசலால் பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடையுங்கள். ஆனால் அந்தத் துணியை மின்வாய்ப் பக்கம் கொண்டுபோக வேண்டாம். எஞ்சிய குளோரினும் மின்னோட்டம் தரும்.

கேள்வி: தம்பி பல காலமாக லிதியம் குளிசை எடுக்கிறான். வழக்கமாக 0.7 வரும். இம்முறை 2.3 என்று அறிக்கை. ஆளோ நன்றாக இருக்கிறான். கருவி பிழையா?
– வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: அறிக்கையை இன்றே வைத்தியரிடம் காட்டுங்கள். கை பெரிதாக நடுங்குதல், வாந்தி, வயிற்றோட்டம், தள்ளாட்டம், குழப்பம் ஆகியவற்றில் ஏதும் தொடங்கினால் காரணம் தேடிக்கொண்டிருக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள்.

ஆள் நன்றாக இருக்கும்போது ஒரு கேள்வி கேட்கலாம்: குருதி எந்தக் குழாயில் எடுக்கப்பட்டது? பச்சை மூடிக் குழாய்கள் பலவற்றில் குருதி உறையாமலிருக்க லிதியம் ஹெப்பாரின் பூசியிருக்கும். குழாயின் லிதியத்தையும் சேர்த்தே மின்வாய் அளக்கும். லீற்றருக்கு ஒரு மில்லிமூலுக்கு மேலேயே கூடிவிடலாம். குழாய் அரைகுறையாக நிரம்பியிருந்தால் இன்னும் மோசம். உறைவெதிரி இல்லாத குழாயில், கடைசிக் குளிசைக்குப் பின் 12 மணித்தியாலம் கழித்து மீண்டும் எடுக்கச் சொல்லுங்கள்.

லிதியத்தை அளக்கும் இந்த மின்வாய் இலத்திரன்களை எண்ணுவதில்லை. லிதியம் அயனை மட்டும் தேர்ந்து பிடிக்கும் மென்படலத்தின் குறுக்கே எழும் அழுத்தத்தைப் பார்க்கிறது. பக்கத்தில் 140 மில்லிமூல் சோடியம் நிற்க, ஒன்றுக்கும் குறைவான லிதியத்தைப் பிரித்தறிவது சின்ன வேலையல்ல. அளவு இரட்டித்தால் அழுத்தம் 18 மில்லிவோல்ற்றே மாறும். ஒரு மில்லிவோல்ற்றுத் தவறு 4 சதவீதப் பிழை. அதனால் ஆய்வுகூடம் நியமக் கரைசலை ஒழுங்காக ஓட்டியிருக்கிறதா என்பதும் கேட்கத் தகுந்ததே.

அளவு உண்மையாகவே ஏறுவதற்கும் வழிகள் உண்டு. வயலில் வியர்த்துத் தண்ணீர் குடிக்காமல் நிற்பது, உப்பைத் திடீரெனக் குறைப்பது, நோவுக்கு ஐபுபுரோபன், டைக்குளோபனக் போடுவது, சிறுநீரகப் பாதிப்பு. வவுனியாவின் தென்பகுதி போன்று சிறுநீரக நோய் கூடிய ஊர்களில் கடைசியானதை மறக்கவே கூடாது.

கேள்வி: பிள்ளை பரசிற்றமோல் பாணியை நிறையக் குடித்துவிட்டால், இப்படியான பட்டியால் வீட்டிலேயே பார்க்க முடியுமா?
– வாசகி, மல்லாவி

பதில்: வேண்டாம். 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழைத்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். போத்தலையும் எடுத்துச் செல்லுங்கள். குடித்து நான்கு மணித்தியாலம் ஆகுமுன் எடுத்த குருதி அளவை வைத்து ஆபத்தைக் கணிக்க முடியாது. நஞ்சை முறிக்கும் மருந்தோ எட்டு மணித்தியாலத்துக்குள் தொடங்கினால்தான் மிக நன்றாக வேலை செய்யும். குடித்த நேரத்தை எழுதிக் கொடுப்பது எந்தக் கருவியையும்விட வைத்தியருக்கு உதவும்.

கேள்வி: நுண்ணுயிர்கொல்லியின் அளவை உடம்பிலேயே தொடர்ந்து பார்க்கும் உணரி வந்துவிட்டதாமே?
– தாதி உத்தியோகத்தர், கிளிநொச்சி

பதில்: ஆய்வுகூட விலங்குகளில் செய்து காட்டியிருக்கிறார்கள், வாட்டுக்கு வரவில்லை. தங்க மின்வாயில் கந்தக முடிச்சால் ஒட்டிய டீ.என்.ஏ இழை, அதன் நுனியில் மெதிலீன் நீலம். வன்கோமைசின் என்ற நுண்ணுயிர்கொல்லி வந்து பிடித்ததும் இழை மடங்கும். நீலம் மின்வாய்க்குக் கிட்ட வரும். இலத்திரன் மாற்றம் வேகமாகும். மருந்து விலகினால் இழை பழையபடி விரியும். ஒட்சியேறக் கூடிய மருந்தாக இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு இதில் இல்லை என்பதுதான் இதன் பெருமை. சிக்கல், உடல் வெப்பத்தில் தங்கத்திலிருந்து இழைகள் மெல்லக் கழன்று, மருந்து மாறாதபோதும் மின்னோட்டம் இறங்கிக்கொண்டே போவது. இந்த உணரி வாட்டுக்கு வரும்வரை வன்கோமைசினுக்குக் குருதி எடுக்கும்போது, மருந்து ஏறிய அதே குழாய்வழியில் எடுக்காமல் மற்றக் கையில் எடுங்கள். ஏற்றத் தொடங்கிய, முடித்த, குருதி எடுத்த நேரம் மூன்றையும் படிவத்தில் எழுதுங்கள்.