பால்மரம் எப்படி பஞ்சாகுது? ரீஃபைனர் மெஷின் பத்தி உங்க கேள்வியும் என் பதிலும்

நான் மலேசியாவுல கெடா மாநிலம் பீடோங் பக்கத்து எஸ்டேட் லயத்துல பொறந்து வளந்தவன், அம்மா பால்மரம், அதாவது ரப்பர் மரம் சீவுனவங்க. மரத்த நாராக்கி பசை போட்டு அழுத்துற எம்டிஎஃப் பலகை செய்யற ஃபேக்டரியில 24 வருஷம் ரீஃபைனர்ல வேல பாத்தேன், மொதல்ல ஹெல்ப்பர், அப்புறம் ஆப்பரேட்டர், கடைசி 9 வருஷம் ஷிப்ட் சூப்பர்வைசர். மரத்த நாரா பிரிக்கிற அந்த மெஷின் பத்தி போன வாரம் ரெண்டு வரி எழுதுனேன், அதுக்கு இவ்ளோ பேரு கேள்வி அனுப்புவீங்கன்னு நெனைக்கல. வந்த வரிசையில சொல்லிக்கிட்டு வரேன்.

கேள்வி: அண்ணே, மரத்த துண்டு துண்டா வெட்டுற மெஷின் எங்க தாமான் பக்கத்து சாமில்ல பாத்திருக்கேன். ரீஃபைனர்னா அதேதானா?

பதில்: இல்ல தம்பி. நீங்க பாத்தது சிப்பர். அது கத்தி வச்சு கட்டைய சின்ன சின்ன சில்லா வெட்டும், ஒரு சில்லு 20, 25 மில்லிமீட்டர் நீளம் இருக்கும், தீப்பெட்டி மூடியில பாதி அளவுன்னு வச்சுக்கங்க. அந்த சில்லுதான் எங்க மெஷினுக்கு சாப்பாடு.

ரீஃபைனர்ல கத்தியே கெடையாது. வீட்டுல பாட்டி காலத்து திருகை பாத்திருப்பீங்க, நடுக்குழியில உளுந்த போட்டா ரெண்டு கல்லுக்கு நடுவுல ஒடஞ்சு ஓரம் வழியா வெளிய வரும்ல, அதையே நிமித்தி வச்சு, கல்லுக்கு பதிலா வரி வரியா மேடும் பள்ளமும் வார்த்த இரும்பு பிளேட்ட மாட்டுனா அதுதான் ரீஃபைனர். ஒரு வட்டு நிக்கும், ஒண்ணு சுத்தும். நம்ம நாட்டு கரண்ட்டுக்கு நிமிஷத்துக்கு 1500 சுத்து. 54 இஞ்ச் வட்டுன்னா அதோட விளிம்பு மணிக்கு 380 கிலோமீட்டருக்கு மேல ஓடுது, ரெண்டு வட்டுக்கும் நடுவுல இருக்குற இடைவெளியோ ஒரு பேப்பர் தடிப்பு, மிஞ்சிப்போனா மூணு நாலு பேப்பர் தடிப்பு. அந்த சந்து வழியா சில்லு நடுவுல நுழைஞ்சு ஓரத்துல வெளிய வர்றப்போ பஞ்சு மாதிரி நாரா வரும்.

கேள்வி: ஸ்டீம் எதுக்கு? அப்படியே அரைச்சா ஆகாதா? (பாலிடெக்னிக் படிக்கிற தங்கச்சி ஒருத்தங்க கேட்டது)

பதில்: எல்லா கேள்வியிலயும் முக்கியமான கேள்வி இதுதான்மா. பச்சை மரவள்ளிக்கிழங்க துருவிப் பாருங்க, நடுவுல இருக்குற நாரும் சேந்து அறுந்து துண்டு துண்டா போகும். அதே கிழங்க நல்லா அவிச்சிட்டு பொளந்து பாருங்க, நடு நார ரெண்டு விரலால புடிச்சு உருவுனா முழுசா வந்துரும். மரமும் அப்படித்தான். மரத்துக்குள்ள கோடிக்கணக்கான நார் இருக்கு, ஒண்ண ஒண்ணோட ஒட்டி வச்சிருக்கிற பசைக்கு லிக்னின்னு பேரு, சூடும் ஈரமும் பட்டா அது எளகிடும். எளகுனப்புறம் பிளேட்டுக்குள்ள போனா நார் அறுகாம ஒட்டுன எடத்துலயே விட்டு வரும். எளகாம போனா மாவாத்தான் வரும், மாவ வச்சு பலகை செஞ்சா ஸ்க்ரூ புடிக்காது.

அதனால சில்லு மொதல்ல தண்ணியில கழுவப்பட்டு ஒரு பெரிய திருகாணி ஸ்க்ரூவுக்குள்ள போகும், அத பிளக் ஸ்க்ரூன்னு சொல்லுவோம், அது சில்ல அமுக்கி புழிஞ்சு ஒரு அடைப்பு மாதிரி ஆக்கிடும், உள்ள இருக்குற ஸ்டீம் பின்பக்கமா வெளிய வராம தடுக்குறதே அந்த அடைப்புதான். அப்புறம் உசரமா நிக்கிற டைஜெஸ்டருக்குள்ள 7, 8 பார் ஸ்டீம்ல, அதாவது 170 டிகிரிக்கு மேல, மூணுலருந்து அஞ்சு நிமிஷம் வேகும். பால்மரம் வேகறப்போ ஒரு புளிச்ச வாசன வரும், மரத்துல இருந்து வர்ற அசெட்டிக் ஆசிட்டு, வினிகர்ல இருக்கிறதே அது. ரொம்ப நேரம் வெந்தா நார் கருஞ்சிவப்பா போயிடும், பத்தலைன்னா பிரியாத குச்சி குச்சியா கையில குத்தும். அதனால என்னோட ஷிப்ட்ல கம்ப்யூட்டர் என்ன காட்டுனாலும் மணிக்கு ஒரு தடவ சாம்பிள் எடுத்து உள்ளங்கையில வச்சு பிசைஞ்சு வெளிச்சத்துல விரிச்சு பாத்துடுவேன். நாரோட தரத்துல பாதி டைஜெஸ்டர்லயே முடிவாயிடுது, பிளேட்டு மிச்ச பாதிக்குத்தான்.

கேள்வி: வணக்கம் சார், தமிழ்ப்பள்ளி ஆசிரியை நான். இந்த மெஷின யாரு கண்டுபுடிச்சதுன்னு பிள்ளைங்களுக்கு சொல்லணும்.

பதில்: ஒரே ஆளுன்னு சொல்ல முடியாது டீச்சர். அந்தக் காலத்துல ஐரோப்பாவுல பேப்பர் செஞ்சது பழந்துணியிலதான், துணி பத்தாம போச்சு. ஜெர்மனியில சாக்ஸனியில கெல்லர்னு ஒரு நெசவாளி, 1843, 44 வாக்குல மரத்த ஈரமான சாணைக்கல்லுல அழுத்தித் தேய்ச்சு கூழ் எடுத்தாரு. அதே 1844ல கனடா நோவா ஸ்கோஷியாவுல ஃபெனர்ட்டின்னு ஒருத்தர், கெல்லரப் பத்தி இவருக்கு ஒண்ணும் தெரியாது, மரத்துல செஞ்ச காகிதத்த ஒரு பத்திரிகைக்கு அனுப்பி வச்சாரு. கெல்லர்கிட்ட பணம் இல்ல, 1846ல அந்த உரிமைய வோல்ட்டர்ங்கிறவருக்கு வித்துட்டாரு, பெரிய மெஷினாக்கி பரப்புனது அவருதான். மரத்த நாராக்கிப் பலகை செய்யறது அதுக்கு ரொம்ப பிந்தி. 1924ல அமெரிக்காவுல மேசன் சில்ல அதிக அழுத்த ஸ்டீம்ல அடச்சு வச்சு டக்குனு தொறந்து விட்டு வெடிக்க வச்சாரு. 1930கள் ஆரம்பத்துல சுவீடன்ல ஆஸ்ப்லுண்ட் ஸ்டீம்ல வேக வச்சு அந்த ஸ்டீமுக்குள்ளயே வட்டுல பிரிக்கிற டிஃபைபிரேட்டர கொண்டு வந்தாரு. இன்னைக்கு எங்க ஃபேக்டரியில ஓடுறது அந்த வம்சம்தான். பிள்ளைங்களுக்கு ஒரு சோதனை வேணும்னா பழைய நியூஸ்பேப்பர ஒரு வாரம் வெயில்ல வைக்கச் சொல்லுங்க, மஞ்சளாயிடும், மெஷின்ல அரைச்ச கூழுல லிக்னின் அப்படியே இருக்கிறதாலதான் அது மஞ்சளாகுது.

கேள்வி: தம்பி, எனக்கு கோலா கெட்டில் பக்கம் நாலு ஏக்கர் பால்மரக் காடு. மறுநடவுக்கு வெட்டி வித்தேன். மரத்துல கம்பி இருக்குன்னு சொல்லி லோரிக்காரன் வெலய கொறைச்சிட்டான். ஒரு சின்ன கம்பிக்கு இவ்ளோ அலட்டலா?

பதில்: ஐயா, கோவிச்சுக்காதீங்க, அது சின்ன விஷயம் இல்ல. எனக்கு நடந்தத சொல்றேன், ஒரு நைட் ஷிப்ட், மணி ரெண்டே கால் இருக்கும். கண்ட்ரோல் ரூம்ல உக்காந்திருக்கோம், திடீர்னு தகரத்த தார் ரோட்டுல இழுத்த மாதிரி ஒரு கிறீச், வைப்ரேஷன் முள்ளு மேல போயி மெஷின் தானா பிளேட்ட பிரிச்சிட்டு நின்னுபோச்சு. ஸ்டீம் எல்லாம் எறக்கி, பூட்டு போட்டு, ஆறவிட்டு, கதவ தொறக்க காலைல ஆறு மணியாச்சு. உள்ள பாத்தா பிளேட்டோட மூணு செக்மென்ட்டு, அதாவது துண்டு, பல்லு பல்லா சிதறியிருக்கு. ஓரத்துல ஒரு வரி பள்ளத்துல சிக்கி நசுங்கி பளபளன்னு தேஞ்சு, பால் புடிக்கிற மங்கு தாங்குற கம்பி, நம்ம சுண்டு விரல் நீளம்தான் மிச்சம். கையில வச்சிட்டு கொஞ்ச நேரம் பேசாம நின்னேன். இந்த கம்பிய எங்க அம்மா மாதிரி ஒருத்தங்கதான் மரத்துல மாட்டியிருப்பாங்க, அப்புறம் மரம் வளந்து பட்டைக்குள்ள முழுங்கிடுச்சு.

காந்தம் இருக்கு, மெட்டல் டிடெக்டர் இருக்கு, கழுவுற தொட்டியில கல்லு இரும்பெல்லாம் அடியில தங்கிடும், அவ்ளோ இருந்தும் கட்டைக்குள்ள பொதைஞ்சு வர்றது சமயத்துல தப்பிச்சு வந்துரும். பால் வடிய அடிக்கிற தகரம், ஆணி, கம்பி, எல்லாமே அடிமரத்துல கைக்கு எட்டுற உசரத்துலதான் இருக்கும். அதனால அடுத்த தடவ வெட்டுறதுக்கு மொத வாரம் ஒரு ஆள விட்டு ஒவ்வொரு மரமா கம்பியையும் தகரத்தையும் புடுங்கிடுங்க, பொதைஞ்சு போனத சாக்பீஸ்ல வட்டம் போட்டு காட்டுங்க. சுத்தமான மரம்னு சொல்லி வெல பேசுறதுக்கு உங்க கையில ஒரு புடி இருக்கும். நீங்க சொன்ன லோரிக்காரர் கொறைச்ச தொக நியாயமா இல்லையான்னு நான் சொல்ல முடியாது, ஆனா காரணம் நெசம்.

கேள்வி: வெட்டுன மரத்த எவ்ளோ நாள் காட்டுல போட்டு வைக்கலாம்?

பதில்: போட்டு வைக்காதீங்க. பால்மரத்துல மாவுச்சத்து அதிகம், நம்ம வெக்கைக்கு சில நாள்லயே நீலப் பூஞ்சணம் ஏறிடும், பின்னாலயே வண்டு வந்துரும். பலகை அறுக்கறதுக்கு அது பெரிய நஷ்டம். நாராக்கறதுக்கு அவ்ளோ பாதகம் இல்லன்னாலும், காஞ்ச சில்லு சரியா வேகாது, தூசி கூடும்.

கேள்வி: அண்ணே, இப்ப எங்க பாத்தாலும் செம்பனைதான். அந்த காலி கொலைய இதே மெஷின்ல போட்டு நார் எடுக்கலாமே? நானும் ஒரு சின்ன மெஷின் வாங்கி வீட்டு பின்னால செய்யலாமான்னு யோசிக்கிறேன்.

பதில்: மில்லுல பழம் உதுத்தப்புறம் மிஞ்சுற காலிக் கொலையில நல்ல நார் இருக்கு, மெத்தைக்கும் மண் அரிக்காம விரிக்கிற பாய்க்கும் எடுக்கிறாங்க. ரீஃபைனர்ல போட ரெண்டு சிக்கல். ஒண்ணு அதுல ஒட்டியிருக்குற எண்ணெய், பலகைக்கு பசை சரியா புடிக்காது. ரெண்டாவது அந்த நாருல மணல் மாதிரி சிலிக்கா பொடி இருக்கு, பிளேட்டு சீக்கிரம் தேஞ்சிடும்.

வீட்டுல செய்யறதப் பத்தி நேராவே சொல்லிடறேன், அழுத்த ஸ்டீம் உள்ள எதையும் வெல்டிங் கடையில செஞ்சு வீட்டு பின்னால வைக்காதீங்க. பிரஷர் வெசலுக்கும் பாய்லருக்கும் டோஷ்ங்கிற வேலையிட பாதுகாப்பு இலாகாவோட விதி இருக்கு, பாய்லர் ஓட்ட சர்டிஃபிகேட் உள்ள ஆளு வேணும். அது வெடிச்சா வீடே மிஞ்சாது. கைத்தொழிலா காகிதம் செய்ய ஆசைன்னா வாழைத்தண்டு நார எடுத்து சலவை சோடா போட்டு சாதாரண பானையில மெதுவா வேக வச்சு, கழுவி, கட்டையால அடிச்சு கூழாக்கி சல்லடையில வடிங்க. அதுக்கு மெஷினே வேணாம்.

கேள்வி: என் வீட்டுக்காரரு பலகை ஃபேக்டரில வேல. ராத்திரி இருமல், கண்ணு எரிச்சல். தூசிதானே, பழகிடும்ங்கிறாரு. பயமா இருக்கு அண்ணே.

பதில்: அக்கா, உங்க பயம் சரிதான், பழகிடும்ங்கிறத நான் ஒத்துக்க மாட்டேன். மரத்தூசியையும், பசையில இருந்து வர்ற ஃபார்மல்டிஹைடையும் புற்றுநோய் வரவைக்கிற பொருள் பட்டியல்ல உலக சுகாதார நிறுவனத்தோட ஆய்வு அமைப்பு மேல் வரிசையிலயே வச்சிருக்கு. கண்ணு எரியுதுன்னா அந்த ஃபார்மல்டிஹைட் கேஸாவும் இருக்கலாம். முகத்துல கட்டுற துணி மாஸ்க்கு தூசிக்கே பத்தாது, கேஸுக்கு சுத்தமா ஒதவாது, அதுக்குன்னு கேட்ரிட்ஜ் வச்ச மாஸ்க்கு இருக்கு, அத கம்பெனிதான் குடுக்கணும், கேட்டு வாங்கச் சொல்லுங்க. ஏர் கொழாயால சட்டைய ஊதி தூசி தட்டுற பழக்கம் இருந்தா அத நிறுத்தணும், வேல சட்டைய வீட்டு துணியோட சேத்து தொவைக்காதீங்க. இந்த வாரமே கிளினிக் போங்க, டாக்டர்கிட்ட "இருமல்"னு மட்டும் சொல்லாம எந்த செக்‌ஷன்ல எத்தன வருஷம் வேலன்னு சொல்லுங்க, லீவு நாள்ல இருமல் கொறையுதான்னும் கவனிச்சு சொல்லுங்க. வேலையால வந்த நோய்க்கு சொக்சோவுல, அதாவது தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்புல வழி இருக்கு, அதுக்கு டாக்டர் எழுதுறது முக்கியம். என்கூட வேல பாத்த ஒரு அண்ணன் ரொம்ப தள்ளிப்போட்டுட்டாரு, இன்னைக்கும் மாடிப்படி ஏற முடியாது அவரால.

கேள்வி: எம்டிஎஃப் அலமாரி தண்ணி பட்டா ஏன் உப்பிப் போகுது?

பதில்: பிரிச்ச நார பசை போட்டு சூடா அழுத்தித்தான் பலகையாக்குறோம், தண்ணி உள்ள போனா நார் பழையபடி விரியும், விரிஞ்சது திரும்ப சுருங்காது. சிங்க்குக்கு அடியில போடறதா இருந்தா ஈரம் தாங்குற வகைய கேளுங்க, நடுவுல பச்ச கலர் சாயம் போட்டிருப்பாங்க. அதுவும் ஊற வைக்கிறதுக்கு இல்ல.

கேள்வி: அண்ணே, நான் இப்ப ரீஃபைனர்ல புது ஆப்பரேட்டர். மோட்டார் ஆம்ப்ஸ் மேலயும் கீழயும் ஆடுது, நான் ஒடனே பிளேட் கேப்ப மாத்துறேன், இன்னும் மோசமா ஆடுது. என்ன தப்பு?

பதில்: கேப்ப, அதாவது ரெண்டு வட்டுக்கும் நடுவுல இருக்குற இடைவெளிய தொடாதீங்க தம்பி, புதுசா வந்த எல்லாரும் செய்யறது இது. ஆம்ப்ஸ், அதாவது மோட்டார் இழுக்குற கரண்ட்டு ஆடுனா மொதல்ல சில்லு யார்டுக்கு ஆள அனுப்புங்க, காஞ்ச மரமும் பச்ச மரமும் கலந்து வருதா, தூள் அதிகமா, மழை நனைச்ச குவியல்ல இருந்து தள்ளுறாங்களான்னு பாக்கச் சொல்லுங்க, பத்துல ஏழு தடவ அங்கதான் இருக்கும். அப்புறம் பிளக் ஸ்க்ரூவ பாருங்க, தேஞ்சு போச்சுன்னா அடைப்பு ஒரே மாதிரி நிக்காது, அது பிச்சுக்கிட்டா ஸ்டீம் பின்பக்கமா அடிக்கும், அந்த நேரத்துல அங்க யாரும் நிக்கக்கூடாது, இத மட்டும் மறக்காதீங்க. மூணாவது டைஜெஸ்டர் மட்டம், அது ஏறி எறங்குனா வேகுற நேரம் மாறுது. அப்புறம் நாரும் ஸ்டீமும் வெளிய போற ப்ளோ வால்வு. இதெல்லாம் நிலையா இருந்தும் கேப் கொறைச்சா லோடு ஏறல, நாருல குச்சி வருதுன்னா பிளேட்டு தேஞ்சிடுச்சு, மாத்துற நாள் வந்தாச்சு. மாத்துறப்போ எதிர் எதிரா எடை ஒத்த செக்மென்ட்டா போடுங்க, இல்லன்னா அந்த வேகத்துல ஆட்டம் கண்டுடும். நீங்க கேப் மாத்துன நேரம், எவ்ளோ மாத்துனீங்க, அப்ப சில்லு எப்படி இருந்துச்சு, மூணையும் லாக் புக்குல எழுதி வைங்க, ஒரு வாரம் கழிச்சு அந்த பக்கத்த படம் புடிச்சு எனக்கு அனுப்புங்க, சேந்து பாப்போம்.